அலாம் பூட்டினால் இன்சூரன்ஸ் காசு குறையுமா? வாசகர் கேள்வி பதில்

வாகனக் காப்புறுதி பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் களவு பற்றித்தான். அதற்குக் காரணமும் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் பாவனைக்கான கார்களை 2025 பெப்ரவரியில்தான் திரும்ப விட்டார்கள், இடையில் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. பத்து வருடம் ஓடின வாகனம்கூட இன்று ஒரு குடும்பத்தின் பெரிய சொத்து. அது போனால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானதுதான்.

போன மாதம் பாவித்த ரொயோட்டா விட்ஸ் ஒன்று வாங்கினேன், ஃபுல் இன்சூரன்ஸ் போடப் போகிறேன். ரொறன்ரோவில் இருக்கிற மச்சான், "ஜிபிஎஸ் ட்ராக்கர் ஒன்று பூட்டு, இன்சூரன்ஸ் குறையும்" என்கிறார். இங்கேயும் குறையுமா?
- வாசகர், கோண்டாவில்

மச்சான் சொல்வது அவர் இருக்கிற ஊருக்குச் சரி. ஆனால் அங்கேயும் விஷயம் கொஞ்சம் வேறு மாதிரி. ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் சில மொடல் கார்கள் அளவுக்கு மீறிக் களவு போகத் தொடங்கின. களவெடுத்தவற்றைக் கொள்கலனில் ஏற்றி மொன்றியல் துறைமுகத்தால் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அதனால் சில காப்புறுதிக் கொம்பனிகள், இப்படியான மொடலுக்கு ட்ராக்கர், அதாவது கார் நிற்கிற இடத்தைக் காட்டுகிற கருவி, பூட்டாவிட்டால் 500 டொலர் கூடக் கட்டு என்று சொல்லிவிட்டன. அங்கே பூட்டுகிற பலர் கழிவு கிடைக்கும் என்று பூட்டுவதில்லை, அந்தக் கூடுதல் காசைக் கட்டாமல் தப்பத்தான் பூட்டுகிறார்கள்.

அமெரிக்காவில் நியூயோர்க், நியூஜேர்சி, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் களவுத் தடுப்புக் கருவிக்குக் கழிவு கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதையும் வடிவாகப் பார்க்க வேண்டும். அங்கே பில்லில் மோதல் சேதத்துக்கு ஒரு தொகை, மற்றவர்களுக்கு வரும் காயம், சேதத்துக்கு ஒரு தொகை, களவு, தீ, கண்ணாடி உடைவு, வெள்ளம் போன்றவற்றுக்குத் தனியாக ஒரு தொகை என்று பிரித்துப் போடுவார்கள். கழிவு அந்தக் கடைசித் தொகையில் மட்டும்தான். பத்து வீதம் என்று கேட்டால் பெரிதாகத் தெரியும், மொத்தப் பில்லில் பார்த்தால் சின்னக் காசு.

இந்தியாவில் மோட்டார் காப்புறுதிக்கு 2002இல் வகுத்த பழைய கட்டண விதியைப் பாருங்கள். புனேயில் இருக்கிற ஏஆர்ஏஐ என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனம் அங்கீகரித்த கருவியாக இருக்க வேண்டும், அதைப் பூட்டியதற்கு ஓட்டோமொபைல் சங்கத்தின் சான்று வேண்டும். இரண்டும் இருந்தால் சொந்தச் சேதத்துக்கான கட்டுப்பணத்தில் 2.5 வீதம் கழிவு. அதுவும் 500 இந்திய ரூபாய்க்கு மேலே போகாது. அதாவது கட்டுப்பணம் 20,000 வந்தாலும் 500தான், 60,000 வந்தாலும் 500தான்.

சரி, இங்கே? இலங்கையில் ஃபுல் இன்சூரன்ஸ் விலையைக் கொம்பனிதான் தீர்மானிக்கிறது. அதனால் கழிவைக் கேட்டு வாங்க வேண்டியவர் நீங்கள். குறைந்தது மூன்று இடத்தில் விலை எடுங்கள், எடுக்கும்போதே "ட்ராக்கர் பூட்டினால் எவ்வளவு, பூட்டாவிட்டால் எவ்வளவு" என்று இரண்டு விலையையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் "பார்த்துக் குறைத்துத் தருகிறோம் அண்ணை" என்று சொன்னால் அது கணக்கில் வராது. ட்ராக்கருக்கு ஒரு விலை, பூட்டுகிற கூலி, பிறகு அதற்குள் போடுகிற சிம்முக்கு மாதா மாதம் டேட்டா. இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், அநேகமாகக் கழிவால் அந்தக் காசு மீளாது.

இதைப் படித்துவிட்டு ட்ராக்கர் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். பூட்டுங்கள் என்றுதான் நான் சொல்லுவேன், கார் உங்களிடம் திரும்பி வர வேண்டும் என்பதற்காகப் பூட்டுங்கள். கட்டுப்பணத்தைக் குறைக்க வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. முந்தின வாகனத்துக்கு நோ கிளெயிம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகக் கிடைக்கிற கழிவு, சேர்த்து வைத்திருந்தால் அதை இந்த விட்ஸுக்கு மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். ஒழுங்கைக்குள் திருப்பும்போது மதிலில் உரசின கீறலுக்கெல்லாம் கிளெயிம் போடாமல் விட்டால், அந்த போனஸ் எந்த அலாம் கழிவையும்விடக் கூடக் காசு மிச்சப்படுத்தும். எக்ஸஸ் தொகையை, அதாவது சேதத்தில் உங்கள் கையால் கட்டுகிற முதல் பங்கை, கொஞ்சம் கூட்டிக்கொள்ளச் சம்மதித்தாலும் விலை இறங்கும்.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். கட்டுப்பணம் குறையட்டும் என்று காரின் பெறுமதியைக் குறைத்துப் போடாதீர்கள். களவு போனால் அந்தக் குறைந்த தொகைக்கு மேலே ஒரு சதமும் வராது. அதற்காகக் கூட்டிப் போடுவதிலும் பிரயோசனம் இல்லை, களவு போன அன்றைய சந்தை விலைதான் கணக்கு.

என்னுடைய காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் போட்டபோது முகவர் தம்பிதான் படிவத்தை நிரப்பினார். அலாம், இம்மொபிலைசர் இரண்டுக்கும் "ஆம்" என்று போட்டிருக்கிறார். அலாம் வேலை செய்வதை நிறுத்திக் கன காலம். இம்மொபிலைசர் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது. இதனால் பின்னர் பிரச்சினை வருமா?
- ஆசிரியை, மானிப்பாய்

வரலாம் ரீச்சர். இந்த முறை வந்த கேள்விகளில் இதைத்தான் நான் ஆக முக்கியமானதாக நினைக்கிறேன்.

காப்புறுதி ஒப்பந்தம் நிற்பதே நீங்கள் உண்மை சொல்லியிருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான். படிவத்தை யார் நிரப்பினாலும் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. நீங்கள் "இருக்கிறது" என்று சொன்னதை நம்பிக் கொம்பனி விலை போடுகிறது. சில வேளை அதையே ஒப்பந்தத்தில் நிபந்தனையாகவும் எழுதி வைக்கிறது. கார் களவு போனால் விசாரிக்க வருகிறவர் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தப் படிவத்தைத்தான். அலாம் பழுதாகி நெடுநாள் என்று கராஜ்காரர் சொல்லிவிட்டால், உங்களுக்குக் கிடைத்த ஒரு சின்னக் கழிவுக்காக முழுத் தொகையையும் அவர்கள் கேள்விக்குள்ளாக்கலாம். இங்கிலாந்தில் விலை கூடின கார்களுக்குச் சில கொம்பனிகள் ட்ராக்கரையே நிபந்தனையாகப் போடுவதுண்டு. அங்கே வருடச் சந்தாவைக் கட்ட மறந்து ட்ராக்கர் செத்துக் கிடந்தால், களவுக்கு இழப்பீடு தர மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு வழி இருக்கிறது.

இம்மொபிலைசர் என்பது சரியான திறப்பு இல்லாமல் எஞ்சின் ஓடாதபடி தடுக்கிற கருவி. அது இருக்கிறதா என்பதை இன்று இரவே நீங்களே பார்க்கலாம். காரை நிறுத்தி, திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கி, கதவைப் பூட்டுங்கள். ஒரு நிமிடம் பொறுத்துக் கண்ணாடியால் டாஷ்போர்ட்டைப் பாருங்கள். ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும், பல கார்களில் பக்கத்தில் ஒரு கார் படமோ திறப்புப் படமோ இருக்கும். பெரும்பாலான ஜப்பான் கார்களில் அந்த மின்னல்தான் இம்மொபிலைசர் விழித்திருக்கிறது என்பதற்கு அடையாளம். திறப்பின் தலைப்பகுதிக்குள் ஒரு சிறு சிப் இருக்கிறது. அதில் இருக்கிற குறியீடு காரின் கணினியில் பதிந்திருக்கிற குறியீட்டோடு பொருந்தினால்தான் எஞ்சின் உயிர் பிடிக்கும். அதே வெட்டில் வெறும் திறப்பை வெட்டிப் போட்டால் கதவு திறக்கும், ஆனால் எஞ்சின் ஓடாது. விளக்கு மின்னவில்லை என்றால் உடனே முடிவு கட்ட வேண்டாம். கார்ப் புத்தகத்திலோ, மின்சார வேலை தெரிந்த ஒருவரிடமோ கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

பிறகு கொம்பனியின் கிளைக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுதுங்கள். முகவருக்கு வட்ஸ்அப்பில் சொன்னது போதாது. "படிவத்தில் அலாம் இருப்பதாக எழுதப்பட்டுள்ளது, அது இப்போது வேலை செய்வதில்லை, பதிவைத் திருத்தித் தாருங்கள்" என்று இரண்டு வரி, வாகன இலக்கத்தோடும் ஒப்பந்த இலக்கத்தோடும். திருத்தினதற்கு எழுத்தில் பதில் வரும்வரை விடாதீர்கள். கட்டுப்பணம் கொஞ்சம் கூடினால் கூடட்டும். அல்லது அலாமைத் திருத்தி, பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

மோட்டார் சைக்கிளுக்குத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இருக்கிறது. சில்லைப் பூட்டுகிற டிஸ்க் லொக் போட்டால் கட்டுப்பணம் குறையுமா?
- வாசகர், சுன்னாகம்

குறையாது. தேர்ட் பார்ட்டி என்பது உங்களால் மற்றவருக்கு வருகிற காயத்துக்கும் நட்டத்துக்கும்தான். உங்கள் சைக்கிள் களவு போனால் அதில் உங்களுக்கு ஒன்றும் வராது. ஆனபடியால்தான் லொக் உங்களுக்கு இன்னும் கூட முக்கியம், போனால் முழுவதும் உங்கள் கைக்காசு. டிஸ்க் லொக்கோடு ஒரு சங்கிலியும் வாங்கி, சந்தையிலோ ஆஸ்பத்திரி வாசலிலோ விடும்போது அசையாத கம்பம் ஒன்றோடு சேர்த்துப் பூட்டுங்கள். சில்லை மட்டும் பூட்டினால் இரண்டு பேர் தூக்கி ஒரு வான் வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

எங்களிடம் இருக்கிற வாகனத்தை நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்குக் கொடுப்போம். ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, ஜிபிஎஸ்ஸும் இருக்கிறது. கொண்டு போனவர் திருப்பித் தராவிட்டால் இன்சூரன்ஸ் தருமா?
- குடும்பத் தலைவி, திருநெல்வேலி

அம்மா, இதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். இப்போது இருக்கிற ஒப்பந்தத்தில் அநேகமாகத் தராது.

முதலாவது, உங்கள் ஒப்பந்தம் சொந்தப் பாவனைக்கு என்று போட்டதாக இருக்கும். வாடகைக்குக் கொடுத்தால் அது வேறு பாவனை, அதற்கு வேறு விலை, வேறு ஒப்பந்தம். வாடகைக்குப் போன நேரத்தில் களவு நடந்தாலும் விபத்து நடந்தாலும் கொம்பனி முதலில் அதைத்தான் தூக்கிப் பிடிக்கும்.

இரண்டாவதுதான் பலருக்குத் தெரியாதது. களவு என்றால் உங்களுக்குத் தெரியாமல், உங்கள் சம்மதம் இல்லாமல் எடுத்துப் போவது. நீங்களே திறப்பைக் கையில் கொடுத்து, ஆள் காரோடு மறைந்தால் அது பெரும்பாலும் நம்பிக்கை மோசடி. பொலிஸ் முறைப்பாடும் அப்படித்தான் பதியப்படும். பல ஒப்பந்தங்கள், நம்பி ஒப்படைத்தவரே கொண்டு போனால் களவுக்கான காப்பு இல்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கின்றன. வாடகைக்கு எடுத்த காரைக் கொண்டுபோய் இன்னொருவரிடம் ஈடு வைத்துக் காசு வாங்குகிற வேலை இந்த நாட்டில் பல இடத்தில் நடந்திருக்கிறது. கொடுத்தவர் காரைத் தேடி அலைவார், காசு கொடுத்து வாங்கி வைத்திருப்பவர் காரை விடமாட்டார்.

இந்த இடத்தில்தான் ஜிபிஎஸ் உண்மையில் உதவும். கழிவு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. ட்ராக்கர் செய்மதியிடம் இருந்து தன் இடத்தைக் கணக்கிட்டு, உள்ளே இருக்கிற சிம் மூலமாக உங்கள் ஃபோனுக்கு அனுப்புகிறது. ஆகவே சிம்மில் டேட்டா முடிந்தால் கார் எங்கே என்று தெரியாது. வாடகைக்குக் கொடுக்கிற காலையில் ரீலோட் இருக்கிறதா, ஃபோனில் கார் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் திறப்பைக் கொடுங்கள். உள்ளுக்குள் சிறு பற்றரி இருக்கிற வகையாக இருந்தால் நல்லது, காரின் பற்றரியைக் கழற்றினாலும் சில மணி நேரமாவது காட்டும். வழமையாகப் பூட்டுகிற இடத்தில், ஸ்ரியரிங்குக்குக் கீழே கைக்கு எட்டுகிற மாதிரி, பூட்ட விடாதீர்கள். கார் வவுனியாவைத் தாண்டினால் ஃபோனுக்குச் செய்தி வருகிற மாதிரி எல்லை போட்டு வைக்கலாம். சில ட்ராக்கரில் எரிபொருள் பம்பை நிறுத்துகிற ரிலேயும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கிற காரை அப்படி நிறுத்தவே கூடாது. ஏ9 வீதியில் ஓடுகிற காரின் எஞ்சினைச் சாவகச்சேரியில் இருந்துகொண்டு நிறுத்தினால் உயிர்தான் போகும். நின்ற பிறகுதான் பாவிக்க வேண்டும், அதுவும் பொலிஸுக்குச் சொல்லிவிட்டு.

ட்ராக்கர் இருப்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி, எடுக்கிறவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒருவர் போய்வருகிற இடமெல்லாம் அவருக்குத் தெரியாமல் பார்ப்பது சரியில்லை. தவிர, ட்ராக்கர் இருக்கிறது என்று தெரிந்தால் கெட்ட எண்ணத்தோடு வருகிறவர் அப்போதே விலகிவிடுவார். அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ, சாரதி அனுமதிப்பத்திரமோ பிரதி எடுங்கள், உள்ளூரில் ஒரு பிணையாளி கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முதல், கொம்பனியிடம் போய் வாடகைப் பாவனைக்கு மாற்றினால் எவ்வளவு என்று விசாரியுங்கள். கூடத்தான் இருக்கும். அந்தக் காசை நாள் வாடகையில் சேர்த்துப் போடுங்கள்.

என்னுடைய ரொயோட்டா அக்வா காருக்கு, துளையில் போடாமலே கதவைத் திறக்கிற ஸ்மார்ட் கீ இரண்டு தந்தார்கள். ஒன்று தொலைந்துவிட்டது. இன்சூரன்ஸ் கொம்பனிக்குச் சொல்லாமல் விடலாமா?
- வாசகர், பருத்தித்துறை

விடாதீர்கள். களவு போன காருக்கு இழப்பீடு கேட்டால் கொம்பனி கேட்கிற முதல் சாமான்களில் ஒன்று எல்லாத் திறப்பும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் மற்றது எங்கே, யார் கையில் என்று கேள்வி தொடங்கும். இப்போதே எழுத்தில் அறிவியுங்கள். முடிந்தால் தொலைந்த திறப்பின் குறியீட்டைக் கணினியில் இருந்து நீக்கச் சொல்லுங்கள், கண்டெடுத்தவன் கையில் அது வெறும் பிளாஸ்ரிக் ஆகிவிடும்.

இன்னொன்று. ஸ்மார்ட் கீ எப்போதும் மெல்லிய அலை ஒன்றைக் கேட்டுப் பதில் சொல்லத் தயாராக இருக்கிறது. வெளிநாடுகளில் ஒருவன் வீட்டுக் கதவடியில் ஒரு கருவியோடும் இன்னொருவன் கார்ப் பக்கத்தில் இன்னொரு கருவியோடும் நின்று, உள்ளே தொங்குகிற திறப்பின் அலையைக் கார்வரை நீட்டித் திறந்து கொண்டுபோகிறார்கள். கனடாவில் 2007 செப்ரெம்பரில் இருந்து புதுக் கார் எல்லாவற்றுக்கும் இம்மொபிலைசர் கட்டாயம், ஆனாலும் இந்த வழியாலும் வேறு வழியாலும் அங்கே கார்கள் போகின்றன. ஆகவே திறப்பை வாசல் பக்கத்து ஆணியில் மாட்டாமல் உள் அறையில் வையுங்கள். ஸ்ரியரிங்கில் பூட்டுகிற இரும்புப் பூட்டு ஒன்றும் வாங்குங்கள். எந்த அலையாலும் அதைத் திறக்க முடியாது. இரும்பை அறுக்க நேரமும் சத்தமும் வேண்டும்.

கடை வாசலில் ஏசி போட்டபடி, எஞ்சின் ஓட, பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு இறங்குவதையும் தயவு செய்து நிறுத்துங்கள். காருக்காக அல்ல, பிள்ளைக்காகச் சொல்கிறேன். காப்புறுதி ஒப்பந்தத்திலும் நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும், ஓடுகிற காரை விட்டுப் போனது அதற்குள் வராது.

லீசிங்கில் எடுத்த கார் களவு போனால் என்ன ஒழுங்கில் என்ன செய்ய வேண்டும்? இழப்பீடு யாருக்கு வரும்?
- வாசகர், சாவகச்சேரி

முதலில் 119க்கு அழையுங்கள், பிறகு கார் போன இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து பிரதி வாங்குங்கள். வாகன இலக்கத்தோடு, காரின் உடலில் பொறித்திருக்கிற செஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் சொல்ல வேண்டும். இலக்கத் தகட்டைக் கள்ளன் மாற்றுவான், செஸி இலக்கத்தை மாற்றுவது கடினம். ஆகவே வாகனப் புத்தகத்தை இன்றே படம் எடுத்து ஃபோனில் வையுங்கள். ட்ராக்கர் காட்டுகிற இடத்துக்கு நீங்கள் தனியாகப் போக வேண்டாம், பொலிஸிடம் காட்டுங்கள். அன்றைக்கே காப்புறுதிக் கொம்பனிக்கும் லீசிங் கொம்பனிக்கும் அறிவியுங்கள், பிந்தினால் அதுவே ஒரு காரணமாகிவிடும்.

லீசிங் முடியும்வரை காரின் முழு உரிமையாளர் லீசிங் கொம்பனிதான். இழப்பீடு முதலில் அவர்களுக்குப் போகும், உங்கள் கடன் பாக்கியைக் கழித்து மிச்சம் இருந்தால் உங்களுக்கு. விசாரணை முடியும்வரை தவணை நிற்காது, அதையும் மனதில் வையுங்கள்.

கொம்பனி மறுத்தால், மறுத்த காரணத்தை எந்த நிபந்தனையின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். கொம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதிப் பாருங்கள். அதிலும் தீராவிட்டால் கொழும்பில் இப்படியான பிணக்குகளை விசாரிக்கிற காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். காப்புறுதித் துறையை மேற்பார்க்கிற இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள். படிவம், கடிதம், பொலிஸ் முறைப்பாடு, ட்ராக்கர் பூட்டின பில் எல்லாவற்றின் பிரதியையும் இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மூலப் பிரதியை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.